நான் உருவிவிட்ட முழங்கை

என் வீட்டுக்காரியின் வலது கை அவள் வாய்க்கு ஒரு சாணும் நாலு விரலும் முன்னால் நின்றுவிடும். அதற்கு மேல் வராது. தோள் நன்றாகச் சுழல்கிறது. மணிக்கட்டு மடங்குகிறது. ஐந்து விரலும் வேலை செய்கின்றன. நடுவில் இருக்கிற முழங்கை மட்டும் மடங்காது, நீளவும் செய்யாது. சோற்றைப் பிசைவாள், உருட்டுவாள், உருட்டிய கவளத்தை வாயில் போட முடியாது. கழுத்தை எவ்வளவு வளைத்து முன்னால் கொண்டுபோனாலும் அந்த இடைவெளி இடைவெளியாகவே இருக்கும். அதனால் இடது கையால்தான் சாப்பிடுகிறாள். தலை சீவுவதும் இடது கையால்தான். நெற்றிக்குக் குங்குமம் மட்டும் இடது கையால் வைக்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அதை நான் வைத்துவிடுகிறேன்.

இந்தக் கை இப்படி ஆனதற்கு அவள் கீழே விழுந்தது பாதிக் காரணம். மீதிப் பாதி நான். நான் எட்டாவது வரைதான் படித்தேன், எழுதிப் பழக்கம் இல்லை. இருந்தாலும் என்னைப் போல எண்ணெய்க் கிண்ணத்தோடு மனைவி பக்கத்திலோ பிள்ளை பக்கத்திலோ உட்காரப் போகிற ஒருவர் செத்த நேரம் யோசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு வடமதுரைப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். கத்திரியும் கொஞ்சம் கனகாம்பரமும் போடுகிறோம். ஒரே மகளைத் தொப்பம்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு ரெண்டு தடவை கரு நிற்காமல் போய், மூன்றாவது தடவை நல்லபடியாகப் பிள்ளை பிறந்தால் எங்கள் கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டுகிறோம் என்று நானும் என் வீட்டுக்காரியும் கையடித்து வேண்டிக்கொண்டோம். பிறந்தது. ஆண்பிள்ளை. வேண்டுதலைத் தள்ளிப் போடக் கூடாது என்று அந்த வாரமே வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போனோம்.

கிடாய் பிடிப்பது அவள் பொறுப்பு. நான் வாயைத் திறந்தால் ஏமாந்துவிடுவேன் என்பாள். கறுப்பில் ஒரு புள்ளி வெள்ளை இருக்கக் கூடாது, கொம்பு உடைந்திருக்கக் கூடாது, காது அறுந்திருக்கக் கூடாது. சந்தை முழுக்க நடந்து ஒன்றைப் பிடித்தாள்.

"பல்லு எத்தன போட்டுருக்கு?"

"ரெண்டு பல்லு தாயி. எளங்கிடா."

"என்னயவிட ரெண்டு கூட இருக்கும்போல. எனக்குக் கடவாப்பல்லு ரெண்டும் போயிருச்சு."

"அப்ப கறியக் கெடாயிட்டயே குடுத்து மெண்டு தரச் சொல்லு தாயி."

ஆட்டுக்காரரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அவர் கயிற்றை எடுத்து, "கால கட்டிவிடவா? வண்டியிலதான போறீக?" என்று கேட்டார்.

"சாமிக்கு நேந்தத களவாணியக் கட்டுற மாதிரி கட்டியா கொண்டுபோவாக? நான் மடியில வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாமி சொத்து. கட்டுப்படுத்திக் கொண்டுபோவது பாவம் என்று நானும் நினைத்தேன்.

டிவிஎஸ் வண்டியில் ஒருக்களித்து உட்கார்ந்து கிடாயை மடியில் அணைத்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு வேகத்தடை. பின்னால் வந்த லாரி ஆரன் அடித்தது. கிடாய் எத்தித் துள்ளியது. அது ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். விழுகிறபோது வலது கையை ஊன்றிவிட்டாள். வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். முழங்கைக்குப் பின்னால் குதிங்கால் மாதிரி எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தபடி அவள் என்னைப் பார்த்துக் கத்தியது இதுதான்:

"என்னைய என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? கிடாயப் புடிங்க! முருங்கைக் காட்டுக்குள்ள போகுது பாருங்க, சாமி கிடாங்க!"

கிடாயை ரெண்டு பேர் பிடித்துக் கொடுத்தார்கள். அவளை ஆட்டோவில் திண்டுக்கல்லுக்கு, ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் வயசுப் பையன்தான், ஆனால் கெட்டிக்காரர். மூட்டு விலகியிருக்கிறது, ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு உடைந்திருக்கிறது, பெரிய சேதம் இல்லை என்றார். மயக்க ஊசி போட்டு இழுத்து, விலகினதைத் திரும்ப உட்கார வைத்தார். மாவுக்கட்டுப் போட்டு, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று முருகனுக்கு நன்றி சொன்னேன். எவ்வளவு பெரிய கண்டத்தை இந்தச் சின்ன அளவோடு நிறுத்தினாய் என்று சொன்னேன். அது நிஜமும்தான். அன்றைக்கு அது சின்ன அளவில்தான் இருந்தது.

அந்த மூன்று வாரத்துக்குள் கிடாய் வெட்டு வந்தது. கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு அவளும் கோயிலுக்கு வந்தாள். தலையில் தண்ணீர் தெளித்ததும் கிடாய் உடம்பை ஒரு உலுப்பு உலுப்பியது. சாமி சம்மதம் சொல்லிவிட்டது என்று எல்லோரும் கும்பிட்டார்கள்.

எங்கள் பங்காளிகளுக்குள் கறி அறுத்துப் பங்கு வைப்பது என் வேலை. என் அப்பா காலத்துக்குப் பிறகு இருபது இருபத்தைந்து வருஷமாக நான்தான் செய்கிறேன். நல்லபடியாகப் பங்கு வைக்க அரிவாளைப் போட்டு எலும்பை நொறுக்க வேண்டிய அவசியமே இல்லை. கத்தி முனையால் மூட்டைத் தேடிப் பிடித்தால் போதும், அதுவே விட்டுக்கொடுக்கும். தொடைச் சந்தில் எலும்பின் தலை பந்து மாதிரி உருண்டையாக இருக்கும், இடுப்பெலும்பில் அதற்குக் கிண்ணம் மாதிரி ஒரு குழி. பந்தைக் குழியிலிருந்து கழற்றினால் நடுவில் ஒரு சின்னக் கயிறு ரெண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். அதை அறுத்தால்தான் தொடை தனியாக வரும். முன்னங்காலின் நடு மூட்டு வேறு மாதிரி. அது கதவுக் கீல். முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் போகாது. விலா எலும்பு நெஞ்சில் சேருகிற இடத்தில் எலும்பே இல்லை, குருத்துதான். மண்டையோட்டில் எலும்பும் எலும்பும் ரெண்டு ரம்பத்தைச் சேர்த்து வைத்த மாதிரி பல்லுப் பல்லாகக் கோத்துக்கொண்டிருக்கும். அது அசையவே அசையாது. அசைகிற மூட்டு எதைத் திறந்தாலும் எலும்பு நுனி வெள்ளை வெளேரென்று பளபளக்கும். உள்ளே முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொஞ்சம் கொழகொழப்பான தண்ணீர். விரலை வைத்தால் வழுக்கும். இதையெல்லாம் கடவுள் எப்படித்தான் செய்தானோ என்று ஒவ்வொரு தடவையும் அதிசயப்படுவேன்.

அதிசயப்பட்டதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு மூட்டு தெரியும் என்று ஒரு எண்ணம் மனசுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை சிறுத்துப்போய், தோல் உரிந்து, பாதிதான் மடங்கியது. டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தானா மடக்கி மடக்கிப் பழகட்டும். ரெண்டு மாசத்துல வந்துரும். எண்ணெய் போட்டு நீவக் கூடாது. யாரும் பிடிச்சு அமுக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. தலையை ஆட்டினேன்.

கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்க அங்கே ஒரு பொண்ணு இருந்தாள். ஒட்டன்சத்திரத்துக்காரி. என் வீட்டுக்காரியை எதிரில் உட்காரவைத்து, "நீங்களாத்தான் மடக்கோணுங்கம்மா. எங்க வலிக்குதோ அங்கயே நிறுத்திக்கோங்க. நாளைக்கு அதவிட ஒரு நெல்லு அளவு போனாப் போதும்" என்றாள்.

"நெல்லு நெல்லாப் போனா வாய்க்கு எப்ப வர்றது தாயி? அதுக்குள்ள சோறும் வெஞ்சனமும் ஊசிப்போகுமே."

"வருமுங்க. அவசரப்படாதீங்க."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொன்னாள். எங்கள் ஊரிலிருந்து ரெண்டு பஸ் மாற வேண்டும். அப்போது கத்திரி பறிப்பு நேரம். மூன்று தடவை போனோம். நாலாவது தடவை போகவில்லை. ஒரு நெல்லு மடக்குவதற்கு ஒரு நாள் பொழப்பா என்று நான்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் பழனிக்குப் போனேன். பேரன் பிறந்ததற்கு முடி இறக்கிக்கொள்ள. போகும்போது ஒரு பாட்டிலில் நல்லெண்ணெயில் பச்சைக் கற்பூரமும் நொச்சியும் போட்டுக் காய்ச்சி எடுத்துப் போனேன். சன்னதியில் மடியில் வைத்துக்கொண்டு கும்பிட்டேன். அவன் பார்வை பட்ட எண்ணெய் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, அவளை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"டாக்டர் நீவக் கூடாதுன்னாரே" என்றாள்.

"அவுக அப்படித்தான் சொல்வாக. அந்தப் பையன் எத்தன கிடா அறுத்துருப்பான்? உள்ள தண்ணி வத்திப்போய்ப் பூட்டிக்கிட்டு இருக்கு. எண்ணெய் எறங்குனா வழுக்கும். எனக்குத் தெரியாதா?"

"கிடாயக் கழட்டத் தெரியும் உங்களுக்கு. மாட்டவா தெரியும்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன்.

மேற்கையை என் தொடையில் அணைத்து, முன்கையைப் பிடித்து, எண்ணெய் விட்டு மேலிருந்து கீழே உருவி, உருவிய கையோடு ஒரு அமுக்கு. ஒரு அமுக்குக்கு ஒரு தடவை "முருகா" என்பேன். நூற்றெட்டு தடவை. கோயிலைச் சுற்றுவதற்கு நூற்றெட்டு, அர்ச்சனைக்கு நூற்றெட்டு, இதற்கும் நூற்றெட்டு என்று நானே வைத்துக்கொண்ட கணக்கு. அவளையும் என்னோடு சேர்ந்து சொல்லச் சொன்னேன். முதல் பத்து இருபது வரை சொல்வாள். பிறகு சேலை முந்தியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். நான் மட்டும் சொல்லிக்கொண்டு போவேன்.

அவளுடைய தம்பி, என் மச்சான், பக்கத்துத் தெருதான். பால் கொண்டுவரும்போது நின்று பார்ப்பான். "என்ன மாமா, புரோட்டாவுக்கு மாவு பெசையிறீகளா? நல்லா அடிச்சுப் பெசைங்க" என்பான். பிறகு அவனே, "வலிக்கத்தாங்க்கா செய்யும். பல்லக் கடிச்சுக்க. மாமா கைராசி" என்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் போவான்.

ஒரு நாள் பாதியில் முந்தியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னைக்கு அம்பத்தி நாலோட நிறுத்திக்கிருங்களேன். சாமி ஒன்னும் கோவிச்சுக்கிறாது."

நான் நிறுத்தவில்லை. சாமி காரியத்தில் பாதியில் விடக் கூடாது என்றேன். அவள் திரும்ப முந்தியைக் கடித்துக்கொண்டாள். அந்த முந்தி நுனியில் ஓட்டை விழுந்திருந்ததை வெகுநாள் கழித்துத் துணி மடிக்கும்போது பார்த்தேன்.

பத்து நாளில் முழங்கைக்கு முன்பக்கம் சூடாக இருந்தது. பிறகு உள்ளே கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. நரம்பு சுருண்டிருக்கிறது, கரைத்துவிடலாம் என்று சாயங்காலமும் சேர்த்து உருவ ஆரம்பித்தேன். கை அன்றாடம் ஒரு நெல்லு மடங்குவதற்குப் பதிலாக ஒரு நெல்லு குறைந்துகொண்டே வந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், இன்னும் அமுக்கம் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஐந்தாவது வாரம் ஒரு நாள், எவ்வளவு அமுக்கியும் கை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கட்டைச் சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. அவள் முந்தியைக் கடிக்கவில்லை. வலிக்கவில்லை என்றாள். எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, விளங்கவைக்கச் சொல்லி அந்த ஒட்டன்சத்திரத்துப் பொண்ணிடம் அனுப்பினார். அவள் மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த முழங்கை ஒன்று இருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"பாருங்கய்யா. மேற்கை எலும்போட நுனி கெணத்துக் கப்பி மாதிரி இருக்குதுங்களா? முன்கையில ரெண்டு எலும்புங்க. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு கொக்கி மாதிரி அந்தக் கப்பியப் புடிச்சிருக்குது. மடக்கறது நீட்டறது எல்லாம் இதுதானுங்க. கட்டைவிரல் பக்கத்து எலும்புக்குத் தலை பொத்தான் மாதிரி வட்டமா இருக்குது, அது உருளுதுங்க. உள்ளங்கையத் திருப்பறது அது. மூணு மூட்டு ஒரே பைக்குள்ள இருக்குதுங்க."

என் வீட்டுக்காரியிடம் உள்ளங்கையைத் திருப்பச் சொன்னாள். திருப்பினாள். மேலே பார்த்தும் வந்தது, கீழே பார்த்தும் வந்தது. எனக்கு ஒரு சின்ன ஆசை துளிர்த்தது.

"இது நல்லாத்தான இருக்கு?" என்றேன்.

"பொத்தான் நல்லா இருக்குதுங்க. கப்பியும் கொக்கியும்கூட உள்ள நல்லாத்தான் இருக்குது." படத்தில் விரலை வைத்தாள். முழங்கைக்கு முன்னால், எலும்பே இல்லாத இடத்தில், பிய்த்துப் போட்ட பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு திட்டு. "பிரச்சனை மூட்டுல இல்லீங்க. முன்னால இருக்கற சதையில. விழுந்தப்ப அந்தச் சதை கிழிஞ்சு ரத்தம் கட்டியிருக்கும். அத அசைக்காம உட்டா ஆறிரும். திரும்பத் திரும்ப அமுக்கிக் கிழிச்சா, ஒடம்பு அந்த எடத்துல எலும்ப உண்டாக்கிருமுங்க. கறிக்குள்ள எலும்பு மொளைச்சு, கதவுச் சந்துல கல்லு வச்ச மாதிரி நிக்குது. அதான் மடங்கல." படத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "வீட்ல யாராச்சும் உருவி உட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி சொன்னாள்: "இல்ல தாயி. வண்டியில இருந்து விழுந்தேன்ல? அதுல வந்ததாத்தான் இருக்கும்."

அந்தப் பொண்ணு என் கையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் முழங்கையைப் பிடித்திருந்த என் விரல்களில் நகக்கண் எல்லாம் எண்ணெய்க் கறை ஏறி மஞ்சளாக இருந்தது. கற்பூர வாசனை அந்த அறை முழுக்க அடித்திருக்கும். எனக்குப் பழகிப்போயிருந்தது.

"நான்தாம்மா" என்றேன். "காலையில நூத்தியெட்டு. சாயங்காலம் நூத்தியெட்டு."

அவள் திட்டவில்லை. "விழுந்ததுனால மட்டும்கூடச் சில பேருக்கு வருமுங்க" என்றாள். "ஆனா இம்புட்டு வராது." எங்களோடு பேசிப்பேசி அவளுக்கும் எங்கள் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது போல. அந்த 'இம்புட்டு' இன்னும் என் காதில் இருக்கிறது.

உடனே ஒன்றும் செய்ய முடியாது, அந்த எலும்பு வளர்ந்து முடிந்து அடங்க வேண்டும், இப்போது அறுத்தால் திரும்ப முளைக்கும் என்று டாக்டர் சொன்னார். ஒரு வருஷம் போகட்டும் என்றார்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. கொஞ்சம்தான் எழுத முடிகிறது. முதல் மாதம் நான் ஊட்டிவிடப் போனேன். "நான் என்ன பேரனா?" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். நீளக் காம்பு வைத்த கரண்டி ஒன்றை அந்தப் பொண்ணு கொடுத்தனுப்பினாள். வலது கையில் பிடித்தால் வாய்க்கு எட்டியது. ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அண்டாவுல கொழம்பு கிண்டுறாப்ல இருக்கு" என்று வைத்துவிட்டாள். கல்யாண வீடுகளுக்குப் போவாள், பொண்ணு மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசுவாள், பந்தியில் உட்கார மாட்டாள். யாராவது இழுத்தால், "இன்னைக்கு விரதம்" என்பாள். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்களில் வாரத்துக்கு மூன்று நாள் விரதம் இருந்தாள்.

ஆனால் அழ மாட்டாள். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றால் அவள் வலது கை அதுபாட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். பெண்களுக்கு இலவச பஸ், டிரைவர்கள் பல நேரம் தள்ளிப் போய்த்தான் நிறுத்துவார்கள். இவள் நின்றால் சரியாக முன்னால் வந்து நிற்கும். ஒரு தடவை நாங்கள் போக வேண்டிய பஸ்ஸே இல்லை, அதுவும் நின்றுவிட்டது.

"ஏறுக்கா, கையக் காட்டுனேல்ல?" என்றார் கண்டக்டர்.

"நான் காட்டலப்பு. அது தானா காட்டுது. நீ போ" என்றாள்.

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் என்னை முழங்கையால், நல்ல முழங்கையால், இடித்து, "சிரிங்க" என்றாள்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் காலையில் சாமி படத்துக்கு முன்னால் சூடம் காட்டி வழக்கம்போல "முருகா" என்று வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் அடுப்படியில் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். டம்ளர் கீழே உருண்டு கிடந்தது. அவள் தோள் ரெண்டையும் காதுவரை தூக்கி, வலது கையை இடது கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைக் குனிந்து எடுத்தாள். கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சொன்னபோது சத்தம் வரவில்லை. ஆனால் நான் கண்ணோரத்தில் பார்த்தேன். தோள் தூக்கியது. கை அணைத்தது. அதற்கு மறுநாளும்.

அப்போது விளங்கியது. அந்தப் பெயரைச் சொல்லித்தானே ஒவ்வொரு தடவையும் அமுக்கினேன். ஒரு நாளைக்கு இருநூறு தடவைக்கு மேல். பெயர் முதலில் வரும், வலி பின்னால் வரும். அவள் மனசு சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மாலையில் அவளே விளக்கு ஏற்றுகிறாள், செவ்வாய்க்கிழமை ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். அவள் உடம்பு மட்டும் அந்தப் பெயரைக் கேட்டால் ஒடுங்குகிறது. நான் சின்னப் பிள்ளையிலிருந்து வாய்விட்டுக் கூப்பிட்ட பெயர். இப்போது வாயை மூடிக்கொண்டுதான் கும்பிடுகிறேன். உதடுகூட அசையாமல் பார்த்துக்கொள்கிறேன். சாமி என்னை மன்னிக்கலாம், அவனுக்கு மனசு பெரிது. ஒரு பெயரை ஒருத்தியின் உடம்புக்குள் வலியாக்கி வைத்ததை அவனாலும் எடுக்க முடியுமா என்று தெரியவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரு வருஷம் கழிந்து ரெண்டு மாதம் கூடப் போயிற்று. போன தை மாதம் திரும்பப் படம் எடுத்தார்கள். பஞ்சு மாதிரி இருந்தது இப்போது நல்ல எலும்பு மாதிரி ஓரம் தெளிந்து இருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம்.

"நல்லா அடங்கிருச்சும்மா. இப்ப அறுத்து எடுத்துரலாம். மதுரைக்கு எழுதித் தாரேன். பக்கத்துலயே நரம்பு ஓடுது, அதைப் பார்த்துத்தான் செய்யணும். திரும்ப வளராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கை வாய்க்கு வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. வேற வழியில வராது."

அவள் முகத்தைப் பார்த்தேன். கண் கொஞ்சம் விரிந்திருந்தது. வலது கையை மடியிலிருந்து அரை அடி தூக்கி, வாய்ப் பக்கம் கொண்டுபோய், நிற்கிற இடத்தில் நிறுத்தி, அந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"ஆபரேஷன் பாதிதான்" என்றார் டாக்டர். "மீதி வீட்டுல. மறுநாள்ல இருந்து ரெண்டு மூணு மாசம், காலையிலயும் சாயங்காலமும், பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்து கையைப் பிடிச்சு மெதுவா மடக்கி நீட்டி உதவணும். அமுக்கக் கூடாது. தாங்கிப் பிடிக்கணும், அவ்வளவுதான். எப்படின்னு சொல்லித் தருவாங்க. வீட்டுல யார் பார்த்துக்குவா?"

"நான் பாத்துக்கிறேன் சார்" என்றேன். சொல்லும்போதே கை ரெண்டையும் முன்னால் நீட்டியிருந்தேன் போல.

அவள் தோள் தூக்கியது. வலது கையை இடது கை போய் நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. என் கையைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

"வேணாம் சார்" என்றாள்.

"ஏம்மா? பயப்படாதீங்க, மயக்கம் குடுத்துத்தான் செய்வாங்க."

"கத்திக்கு ஒன்னும் இல்ல சார். எடது கை பழகிப்போச்சு. இருக்கட்டும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். எடுத்துச் சொல்லுங்கள் என்று அர்த்தம். எடுத்துச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் மனசு மாறினால் போங்கள் என்று மதுரைக்குச் சீட்டு எழுதி, சேர வேண்டிய தேதியும் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மகளை வரவழைக்கலாம் என்றேன். கைப்பிள்ளைக்காரி, மாமியார் வேறு படுக்கையில், எப்படி மூன்று மாதம் வருவாள் என்றாள். உன் தம்பி பெண்டாட்டியைக் கேட்கலாம் என்றேன். அவள் மில்லுக்குப் போகிறாள், காலையில் போனால் ராத்திரி என்றாள். தினமும் இங்கேயே வந்து அந்தப் பொண்ணு கையால் செய்துகொள்ளலாம் என்றேன்.

"அந்தப் புள்ள கல்யாணமாகிப் போயிருச்சாம்ல. விசாரிச்சேன்" என்றாள்.

"வேற யாராச்சும் இருப்பாக."

"ரெண்டு நேரமும் ரெண்டு பஸ்ஸா? கத்திரிக்காட்ட யாரு பாக்கிறது?"

அதற்கு மேல் கேட்க என்னிடம் ஆள் இல்லை. அவளே சொன்னாள்:

"உங்களச் சொல்லலைங்க. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீக. எனக்குத் தெரியும். ஆனா இந்த ஒடம்புக்கு அது தெரிய மாட்டேங்குது. நான் சொன்னாலும் கேக்க மாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

அவள் முதுகில் கை வைக்கலாமா என்று நினைத்தேன். வைக்கவில்லை.

சீட்டில் போட்டிருந்த தேதி ஒரு திங்கட்கிழமை. அன்றைக்குக் காலையில் ரெண்டு பேரும் காட்டில் கத்திரிக்காய் பறித்துக்கொண்டிருந்தோம். மதுரை வண்டி போகிற நேரம் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் இடது கையால் காம்பைத் திருகிப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டே போனாள். நான் பக்கத்துச் சால் வரிசையில் பறித்தேன். சால் முடிகிற இடத்தில் திரும்பி, அடுத்த சாலைப் பிடித்தோம்.